டெபியன் 13 இன்ஸ்டாலர்: காணாமல் போன டிஸ்க்கும் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களும்

எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா ஒரு நாள் சாயங்காலம் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் கதவைச் சாத்தியதே, அந்தப் பஞ்சாயத்துதான். "தம்பி, தெனமும் ஒரு பொட்டி வந்து நிக்குது, சப்போர்ட் முடிஞ்சிருச்சுன்னு. பதினொண்ணு போடலாம்னா இந்த மெஷினுக்குக் கெடையாதாம். நீ ஏதோ ஃப்ரீயா போட்டுத் தருவியாமே?" என்றார். ஏழாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ராம், உள்ளே என்விஎம்இ எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வரும் வேகமான டிஸ்க். இன்னும் ஐந்து வருடம் தாராளமாக ஓடும் மெஷின். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் எதையும் வாசலில் நிற்கவே விடுவதில்லை, அவ்வளவுதான் இதன் குற்றம்.

போட்டுத் தருகிறேன் என்று வாங்கி வைத்தேன். போட்டது டெபியன் 13, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் இயங்குதளம், இந்த வெளியீட்டின் பெயர் ட்ரிக்சி. 2025 ஆகஸ்ட் 9-ல் வந்தது. டெபியன் வெளியீடுகளின் பெயர்கள் எல்லாம் டாய் ஸ்டோரி படத்துப் பொம்மைகளின் பெயர்கள், ட்ரிக்சி அதில் வரும் நீல டைனோசர். அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை இரண்டு நாள் இழுத்தது. அதனால்தான் இந்த விமர்சனம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் எந்த இன்ஸ்டாலரும் நல்ல இன்ஸ்டாலர்தான், "நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்" என்பதை விமர்சிக்க என்ன இருக்கிறது? மாட்டிக்கொள்ளும்போது அது என்ன சொல்கிறது, மாட்டிக்கொண்டவனை யார் வந்து தூக்கிவிடுகிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

முதலில் பென்டிரைவ் சமாச்சாரம். டெபியனை நிறுவுவதற்கான நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ என்ற கோப்பு ஒரு ஜிபிக்கும் குறைவு. மீதியை நிறுவும்போதே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். லினக்ஸ் மெஷின் கையில் இருந்தால் இதைப் பென்டிரைவில் எழுத தனி மென்பொருளே வேண்டாம், சாதாரண சிபி கட்டளையில் ஐஎஸ்ஓவை நேராக பென்டிரைவின் மேல் நகலெடுத்தால் போதும், டெபியனின் கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. (எந்த டிரைவ் என்று இரண்டு முறை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். இருக்கிற ஹார்ட் டிஸ்க்கின் மேலேயே எழுதிவிட்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.) விண்டோஸிலிருந்து ரூஃபஸ் என்ற மென்பொருள் வழியாக எழுதுபவர்களுக்குத்தான் சிக்கல். அது "ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா" என்று ஒரு கேள்வி கேட்கும், பெரும்பாலோர் முன்னதை அப்படியே ஓகே செய்துவிடுவார்கள். அப்புறம் பூட் ஆகும், மொழி கேட்கும், கீபோர்டு கேட்கும், திடீரென்று "நிறுவும் ஊடகம் கிடைக்கவில்லை" என்று கையை விரிக்கலாம். எந்த பென்டிரைவிலிருந்து கிளம்பியதோ அதையே காணோம் என்று சொன்னால் புதிதாக வருபவர் என்ன நினைப்பார்? பென்டிரைவ் பழுது, இல்லையென்றால் லினக்ஸே பழுது. ஐஎஸ்ஓவை அச்சுப் பிசகாமல் நகலெடுக்கும் டிடி முறையில் மறுபடி எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த ஒரு வரியைத் தரவிறக்கப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டால் எத்தனையோ பேருடைய சனிக்கிழமை மிச்சமாகும்.

மொழித் தேர்வு வந்தது. தமிழ் இருக்கிறது. இதைச் சாதாரணமாகக் கடந்து போகக்கூடாது என்று நினைக்கிறேன். டெபியன் இன்ஸ்டாலர் எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பேசும், அதில் தமிழ் இன்று நேற்று சேர்ந்ததில்லை. 2007-ல் எட்ச் என்ற டெபியன் வெளியீட்டில் முதல் முறையாக வரைகலை இன்ஸ்டாலர் வந்தது. வெறும் எழுத்தாக ஓடும் இன்ஸ்டாலர் திரையில் "கொ", "மௌ" போன்றவற்றை ஒழுங்காக அடுக்க வழியில்லை, அதனால் தமிழ், இந்தி, மலையாளம், கெமர் எல்லாம் வரைகலையில் மட்டும்தான் கிடைக்கும். சுட்டியால் கிளிக் செய்யலாம் என்பது மற்றவர்களுக்கு வசதி, நமக்கு அதுதான் எழுத்தே தெரிய வழி. அக்காவிடம் காட்டினேன், இரண்டு திரை வாசித்துப் பார்த்தார். "பேங்க் பாரம் மாதிரி இருக்கு தம்பி" என்றார். சரிதான். மொழிபெயர்ப்பு கொஞ்சம் விறைப்பு. யாரோ சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் செய்த வேலை, குறை சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் விறைப்பு விறைப்புதான்.

கடைசியில் ஆங்கிலத்திலேயே நிறுவினேன். காரணம் உண்டு. நிறுவும் மொழியே பிறகு கணினி முழுவதுக்கும் மொழியாகிவிடும், பிழைச் செய்திகளும் முடிந்தவரை அதிலேயே வரும். தமிழில் வந்த பிழைச் செய்தியைத் தேடிப் பாருங்கள், ஒன்றும் கிடைக்காது. தமிழ்த் திரை வேண்டும் என்பவர்கள் நிறுவி முடித்துவிட்டு, எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு மாற்றிக்கொள்வது நல்லது. தட்டச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியைப் போட்டு எம்17என் பொதியை (மென்பொருள் தொகுப்பை) சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும், அக்கா அன்றைக்கே அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிஸ்க்கைப் பகுதிகளாக, அதாவது பார்ட்டிஷனாகப் பிரிக்கும் இடத்தில் லேப்டாப்பின் எஸ்எஸ்டியே இல்லை. பட்டியலில் அது கிடையாது. விண்டோஸ் அதே எஸ்எஸ்டியிலிருந்துதான் அன்று காலைகூட ஓடியிருக்கிறது.

பதினைந்து வருடமாக லினக்ஸ் போட்டுக்கொடுக்கிறவன் என்ற கெத்தில் நான் செய்ததைச் சொன்னால் வெட்கம். பென்டிரைவை மறுபடி எழுதினேன். வேறு பென்டிரைவில் எழுதினேன். லேப்டாப்பின் அடிப்பக்கத்து ஸ்க்ரூவெல்லாம் கழற்றி எஸ்எஸ்டியை உருவித் துடைத்துச் செருகினேன், அதில் ஒரு ஸ்க்ரூ உருண்டு பீரோவுக்கு அடியில் போனது, இன்னும் அங்கேதான் இருக்கிறது. டிஸ்க்கே போய்விட்டது போலிருக்கிறது என்று அக்காவுக்குச் சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு ஓஎஃப்டிசி என்ற அரட்டை வலையமைப்பில் இருக்கும் டெபியன் அறைக்குள் நுழைந்து, இப்படி இப்படி, டிஸ்க் தெரியவில்லை என்று எழுதினேன். ஆறேழு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் கேட்டார், வணக்கம் கிடையாது ஒன்றும் கிடையாது: நான்காவது திரையில் என்ன எழுதியிருக்கிறது?

நான் பார்க்கவே இல்லை.

டெபியன் இன்ஸ்டாலர் ஓடும்போது கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்2 அடித்தால் ஒரு ஷெல், அதாவது கட்டளை அடிக்கும் திரை திறக்கும். எஃப்4 அடித்தால் லாக், அதாவது நடப்பதை வரிவரியாக எழுதும் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். எஃப்5 அடித்தால் வரைகலைத் திரைக்குத் திரும்பலாம். முன்னால் அழகான திரை என்ன சொன்னாலும் சரி, பின்னால் உண்மை எஃப்4-ல் ஓடும். போய்ப் பார்த்தேன். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இரண்டு வரியில் சொல்லிவிட்டு எப்போதோ கடந்து போயிருந்தது: இடம் மாற்றி ஒளித்து வைக்கப்பட்ட ஒரு என்விஎம்இ சாதனம் இருக்கிறது, அது வேண்டுமென்றால் பயாஸில் (கணினி எழும்போது நுழையும் அடிப்படை அமைப்புகளில்) ரெய்டு என்பதை ஏஹெச்சிஐ என்று மாற்று. இவ்வளவு தெளிவாக! என்ன கோளாறு, அதற்கு என்ன மருந்து, இரண்டுமே அங்கே இருக்கிறது. நான் ஸ்க்ரூ தேடிக்கொண்டிருந்தேன்.

என்ன நடக்கிறது என்றால், அந்தக் காலகட்டத்து இன்டெல் லேப்டாப்கள் பலவற்றை ரேபிட் ஸ்டோரேஜ் என்ற இன்டெல்லின் ஏற்பாட்டை (பயாஸில் ரெய்டு என்று தெரிவது இதுதான்) முடுக்கி வைத்தே விற்றார்கள். ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் முறை, ஒரே ஒரு டிஸ்க் இருக்கிற லேப்டாப்பில் அது எதற்கு என்று கேட்காதீர்கள். அந்த முறையில் என்விஎம்இ டிஸ்க் தன் சொந்த அடையாளத்தில் வெளியே தெரியாது, டிஸ்க்குகளைக் கவனிக்கும் சாட்டா கன்ட்ரோலரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும். விண்டோஸில் அதற்கான டிரைவர் இருப்பதால் பார்த்துக்கொள்ளும், லினக்ஸுக்குத் தெரியாது. பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ என்று மாற்றிவிட்டு வந்தால் டிஸ்க் வந்து நிற்கும். சில லேப்டாப்களில் அந்த வரியையே மறைத்து வைத்திருப்பார்கள், அதற்கென்று ஒரு ரகசிய விசைச் சேர்க்கை தேட வேண்டும், அது தனி சாபம்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுபவர்கள் இதை அப்படியே மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் படுத்துவிடலாம். முதலில் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் எழும்படி அமைத்து, அணைத்து, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒரு முறை எழுப்பி, அப்புறம் சாதாரண முறைக்குத் திருப்பினால் தானாகச் சரியான டிரைவரை எடுத்துக்கொள்ளும். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இதில் இறங்குங்கள். அக்காவுக்கு விண்டோஸே வேண்டாம், ஃபைல்கள் எல்லாம் முன்பே வேறு டிஸ்க்கில் ஏற்றிவிட்டோம், அதனால் எனக்கு அந்தத் தலைவலி இல்லை.

இங்கேதான் டெபியனுக்கு அரை நட்சத்திரத்தை வெட்டுகிறேன். கர்னலுக்குக் காரணம் தெரிகிறது, பின்திரையில் எழுதியும் வைக்கிறது, அதை முன்திரைக்குக் கொண்டுவர இவர்களுக்கு என்ன? உபுண்டு இன்ஸ்டாலர் இதே நிலைமையில், இந்தக் கணினியில் ரேபிட் ஸ்டோரேஜ் இயங்குகிறது, அதை அணைத்துவிட்டு வா என்று முகத்துக்கு நேராகச் சொல்லும், விளக்கம் படிக்க ஃபோனில் ஸ்கேன் செய்ய ஒரு கியூஆர் கட்டமும் காட்டும். 2020-லிருந்தே அப்படித்தான். உண்மையை ஒளிக்காமல் எழுதி வைக்கிற நேர்மை டெபியனுடையது, அதை எடுத்து நீட்டுகிற மரியாதை உபுண்டுவுடையது. இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் என்ன குறைந்துபோகும் தெரியவில்லை.

ஆனால் வெட்டிய அரை நட்சத்திரத்துக்கு ஈடாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த இன்ஸ்டாலர் மாட்டிக்கொண்டால் செத்துப்போகாது. ஒரு படி தோற்றால் மெனுவுக்குத் திரும்பலாம், எந்தப் படி என்று பார்த்து அதை மட்டும் மறுபடி ஓட்டலாம், நடுவில் ஷெல்லுக்குப் போய் ஒரு கோளாறைக் கையால் சரிசெய்துவிட்டு வந்து தொடரலாம். இப்போதுள்ள வடிவம் 2005-ல் சார்ஜ் வெளியீட்டில் வந்தது. அதற்கு முன்னால் இருந்தது பூட்-ஃப்ளாப்பீஸ் என்ற பழைய இன்ஸ்டாலர், அதில் கை வைக்கவே ஆள் பயப்படும் நிலைமை. புதிதாகச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து எழுதினார்கள், நெட்வொர்க்குக்கு ஒரு துண்டு, டிஸ்க்குக்கு ஒரு துண்டு. அதனால்தான் இருபது வருடம் கழித்தும் அதே இன்ஸ்டாலர் அக்காவின் லேப்டாப்பிலும் ஓடுகிறது, ஐபிஎம் மெயின்பிரேமிலும் ஓடுகிறது, இந்த வெளியீட்டில் புதிதாகச் சேர்ந்த ரிஸ்க்-வி வகைப் புராசஸரிலும் ஓடுகிறது. பார்க்க 2005 மாதிரியே இருக்கிறது என்பதும் உண்மைதான். பிழைப்பதிவை எங்கே சேமிக்கட்டும் என்று கேட்கும்போது ஃப்ளாப்பியா என்று கேட்கும் பாருங்கள், கண்ணில் நீர் வந்துவிடும்.

அழகான திரைதான் வேண்டும் என்பவர்கள் லைவ் ஐஎஸ்ஓவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கலமாரஸ் என்ற இன்ஸ்டாலர் இருக்கும், ஐந்தாறு கிளிக்கில் முடிந்துவிடும். டிஸ்க் தெரிகிறதா, வைஃபை வருகிறதா, சவுண்டு கேட்கிறதா என்று நிறுவாமலே ஓட்டிப் பார்த்துக்கொள்ளவும் முடியும். புதியவர்களுக்கு நான் இப்போது அதைத்தான் கொடுக்கிறேன்.

வைஃபை என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த முறை வைஃபை ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தது, பழைய ஆட்களுக்கு இதன் அருமை தெரியும். முன்பெல்லாம் டெபியன் போடுவதென்றால் இரண்டு பென்டிரைவ் வேண்டும், ஒன்றில் இன்ஸ்டாலர், இன்னொன்றில் ஃபர்ம்வேர், அதாவது வைஃபை சில்லை இயக்கும் சின்ன மென்பொருள். காரணம் கொள்கை. அந்த ஃபர்ம்வேர் மூலநிரல் இல்லாமல் வரும் மூடிய பண்டம், டெபியனின் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் யாரும் மூலநிரலைப் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளைத் தவிர வேறொன்றும் இருக்கக்கூடாது என்பது அப்போதைய விதி. இதில் விசேஷம், ஃபர்ம்வேர் சேர்த்த ஐஎஸ்ஓவும் டெபியன் ஆட்களே தயாரித்து வைத்திருந்தார்கள், அதிகாரபூர்வமற்றது என்று பெயர் சூட்டி ஒரு மூலையில். அதற்கு வழி தெரிந்தவனுக்கு வைஃபை உண்டு. தெரியாதவன் லேன் கேபிள் தேடி அலைய வேண்டியதுதான்.

2022-ல் இதை ஓட்டுக்கு விட்டார்கள். டெபியனில் முதலாளி கிடையாது, சுமார் ஆயிரம் டெவலப்பர்கள் ஓட்டுப் போட்டுத்தான் இப்படிப்பட்ட விஷயங்களை முடிவு செய்வார்கள், அதுவும் ஒன்றுக்கு ஒன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் முறையில். அக்டோபர் தொடக்கத்தில் முடிவு வந்தது: ஒரே இன்ஸ்டாலர், அதில் ஃபர்ம்வேர் உண்டு. 1997-லிருந்து இருக்கும் டெபியனின் சமூக ஒப்பந்தத்தில், அதாவது அது பயனர்களுக்குக் கொடுத்த வாக்குறுதியில், இதற்காக ஒரு வாக்கியத்தையே சேர்த்தார்கள். 2023 ஜூனில் வந்த புக்வோர்ம் (டெபியன் 12) முதல் இதுதான் நடைமுறை. ஃபர்ம்வேருக்கென்று தனிப் பிரிவு ஒன்று உண்டாக்கி, மற்ற மூடிய மென்பொருள்களிலிருந்து அதைப் பிரித்தும் வைத்தார்கள். இது சறுக்கல் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் அங்கீகாரப் பட்டியலில் டெபியன் முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. அந்தக் கறார் வேண்டுமென்றால் அந்தப் பட்டியலில் உள்ள லினக்ஸ்களான ட்ரிஸ்குவெல் இருக்கிறது, கிக்ஸ் இருக்கிறது, மரியாதையோடு சொல்கிறேன், உங்கள் வைஃபை சில்லைப் பார்த்துவிட்டுப் போங்கள். என் கட்சி எது என்றால், ஜெராக்ஸ் கடைக்காரரை உள்ளே வரவிடாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு யாருக்குச் சுதந்திரம் கற்றுத்தருவது? உள்ளே வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

இன்னொரு பொறி உண்டு. நிறுவும்போது ரூட், அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல் கேட்கும். நம் ஆள் பொறுப்பாக ஒன்றைக் கொடுத்துவிடுவார். எல்லாம் முடிந்து, நிர்வாகி அதிகாரத்தோடு வேலை செய்ய எங்கேயோ படித்த சூடோ கட்டளையை அடித்தால், உன் பெயர் அனுமதிப் பட்டியலில் இல்லை என்று துரத்தும். என் மெஷினில் நானே அந்நியனா என்று ஃபோன் வரும். அந்தப் பெட்டியைக் காலியாக விட்டிருந்தால் முதல் பயனருக்கே சூடோ உரிமை வந்திருக்கும். இதை அந்தத் திரையிலேயே எழுதியிருக்கிறார்கள், மூன்றாவது வாக்கியமோ என்னவோ, யார் படிக்கிறார்கள்? காலியாக விட்டால் அதிக வசதி, பொறுப்பாக நிரப்பினால் தண்டனை. இப்படி ஒரு படிவம் நம் ஊர் அலுவலகங்களில்கூட கிடையாது.

மக்களைப் பற்றிச் சொல்கிறேன். டெபியன் அரட்டை அறையில் போய் முதல் முறை கேட்பவருக்கு முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். "ஒரு கேள்வி கேட்கலாமா" என்று கேட்டால், கேள்வியைக் கேள் என்பார்கள். அங்கே டிபிகேஜி என்று ஒரு பாட் (தானாகப் பதில் சொல்லும் நிரல்) உட்கார்ந்திருக்கிறது, அடிக்கடி வரும் கேள்விகளுக்கு யாராவது அதை உசுப்பிவிட அது ஒரு பத்தியைக் கொட்டும், நமக்கோ மனிதர் பதில் சொல்லக்கூட நம்மை மதிக்கவில்லையே என்று தோன்றும். பழகினால் புரியும், அது அலட்சியம் கிடையாது, சிக்கனம். என்னிடம் எஃப்4 கேட்டவர் மொத்தமே நாலு வரிதான் எழுதினார். ஆனால் அவர் பதிலைச் சொல்லவில்லை, பதில் இருக்கிற இடத்தைச் சொன்னார். இனிமேல் ஆயுசுக்கும் நான் முதலில் அந்தத் திரையைப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க மாட்டேன்.

வேறொரு குழுவில், பெயர் வேண்டாம், பல வருடம் முன்னால் ஒரு கேள்வி கேட்டதற்கு, இதுகூடத் தெரியாமல் எதற்கு லினக்ஸ் என்று ஒருவர் கேட்டார், மற்ற எல்லோரும் சும்மா இருந்தார்கள். அந்தச் சும்மா இருந்ததுதான் எனக்கு உறைத்தது. அப்புறம் அங்கே போகவில்லை. டெபியனுக்கு 2014-ல் ஓட்டெடுத்து ஏற்றுக்கொண்ட நடத்தை விதிகள் இருக்கின்றன, எரிந்து விழுபவரை மற்றவர்கள் அடக்குவதையும் பார்த்திருக்கிறேன். பேச்சு வறண்டிருக்கும், அவமானம் அனேகமாக இருக்காது.

நம் பக்கம் இது வேறு மாதிரி நடக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று வருடக்கணக்காக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்கிறது, 2023 ஜனவரியில் டெபியன் ஆட்கள் கூடும் மாநாடான தமிழ்நாட்டு மினி டெப்கான்ஃப் அங்கேதான் நடந்தது. விழுப்புரத்தில்! சென்னையில் வைக்காமல் அங்கே வைத்தார்கள் பாருங்கள். அதே வருடம் செப்டம்பரில் உலக அளவிலான டெப்கான்ஃப் பக்கத்திலேயே கொச்சியில். காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடித் தமிழிலேயே பேசுகிறார்கள்.

இப்படி ஒரு சின்ன ஊர்க் கல்லூரி நிறுவல் முகாமுக்கு ஒரு முறை கூடமாட உதவிக்குப் போயிருந்தேன். எக்ஸ்டென்ஷன் பெட்டிகள், தரையெல்லாம் ஒயர், இருபது இருபத்தைந்து லேப்டாப். ஒரு பையனுக்கு எல்லாம் நிறுவி முடிந்து மறுபடி எழுப்பினால் பூட் செய்ய ஒன்றுமில்லை என்றது. சில லேப்டாப்களின் யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்), டெபியன் பதிந்து வைக்கும் பெயரை மதிக்காது, எல்லோருக்கும் பொதுவான ஒரு கோப்புப் பெயரைத்தான் தேடும். பென்டிரைவை மறுபடி செருகி, மீட்பு முறைக்குப் போய், நீக்கக்கூடிய ஊடகத்துக்கான பாதையிலும் கிரப்பை (கணினியை எழுப்பும் நிரலை) நிறுவு என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. கீபோர்டை வாங்கி நானே தட்டிவிட்டிருந்தால் ஒன்றரை நிமிஷம். முகாம் நடத்திய அம்மா என் கையைத் தட்டிவிட்டு, "சார், நீங்க சொல்லுங்க, அவன் அடிக்கட்டும்" என்றார். பதினைந்து நிமிஷம் ஆனது. அரை மணி கழித்துப் பார்த்தால் எதிர் வரிசையில் அதே மாதிரி லேப்டாப் ஒன்றுக்கு இந்தப் பையன் குனிந்து நின்றுகொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ரெஸ்க்யூ போ, கீழ போ, இன்னும் கீழ" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டற்ற மென்பொருளுக்குச் சமூகம் வளர்ப்பது எப்படி என்று நான் எத்தனையோ உரை கேட்டிருக்கிறேன், அவற்றில் எதுவும் இந்த அளவுக்கு மனசில் நிற்கவில்லை.

நிறுவி முடித்த பிறகு நீங்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. நிறுவல் அனுபவத்தை அறிக்கையாக டெபியனுக்கு அனுப்பலாம். ரிப்போர்ட்பக் என்ற கருவியில் இன்ஸ்டலேஷன்-ரிப்போர்ட்ஸ் என்ற பெயரைக் கொடுத்தால், எந்தப் படி சரி, எந்தப் படி கோளாறு என்று ஒரு படிவம் வரும், நிறுவலின் லாக் எல்லாம் உங்கள் டிஸ்க்கிலேயே பத்திரமாக இருக்கும். தோற்றால்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை, எல்லாம் நன்றாக நடந்தாலும் அனுப்பலாம். அது எல்லோரும் பார்க்கும்படி வழுப் பட்டியலில் ஏறும், மறைப்பது என்ற பேச்சே கிடையாது, சமூக ஒப்பந்தத்தின் மூன்றாவது விதியே சிக்கல்களை ஒளிக்க மாட்டோம் என்பதுதான். நான் அக்காவின் லேப்டாப்புக்கு அனுப்பினேன், டிஸ்க் தெரியாததையும் கர்னல் சொன்ன இரண்டு வரியையும் சேர்த்து, இதை முன்திரையில் காட்டினால் புண்ணியமாகப் போகும் என்று. இந்த அமைப்பில் எனக்குக் குறை, அறிக்கையை மின்னஞ்சலாக அனுப்ப வேண்டும், புதிதாக நிறுவிய மெஷினில் அதற்கான ஏற்பாடு முதலில் இருக்காது. இன்றைய கல்லூரி மாணவரிடம் இதைச் சொன்னால் ஏதோ தந்தி அடிக்கச் சொன்ன மாதிரி பார்க்கிறார்.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். 32-பிட் மட்டும் ஓடும் பழைய மெஷின் வைத்திருந்தால் ட்ரிக்சி பக்கம் வராதீர்கள், அதற்கான கர்னலும் இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. போன மாதம் வாங்கிய புத்தம் புது லேப்டாப் என்றாலும் யோசியுங்கள், இதன் கர்னல் 6.12, அதற்குப் பின்னால் வந்த சில்லுகள் சிலவற்றுக்குத் திண்டாட்டம் வரலாம், ஃபெடோரா பாருங்கள். கூப்பிட்டால் வர யாரும் இல்லாத ஊரில் தனியாக முதல் முறை லினக்ஸ் போடுகிறவர் மின்ட் போடலாம், தப்பே இல்லை, அதுவும் உள்ளே டெபியன் வழிதான். நாலைந்து வயதான லேப்டாப், வருடக்கணக்கில் தொந்தரவில்லாமல் ஓட வேண்டும், ஏதாவது என்றால் கேட்க ஒரு ஆளாவது உண்டு என்றால் டெபியன் 13 போடுங்கள். கிட்டத்தட்ட எழுபதாயிரம் பொதிகள், வேண்டியது அனேகமாக அதற்குள் இருக்கும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. வெட்டியதில் பாதி அந்த எஃப்4-க்கு, மீதி ரூட் கடவுச்சொல்லுக்கு.

அக்காவின் கடையில் இப்போது அந்த லேப்டாப் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போடு ஓடுகிறது. விண்ணப்பங்கள் நிரப்புகிறார், லிப்ரேஆபீஸில் தமிழில் கடிதம் அடிக்கிறார். பழைய லேசர் பிரிண்டர் ஒன்று மட்டும் தயாரித்த கம்பெனியின் தனி பிளக்-இன் கேட்டு அடம்பிடித்தது, அதற்கும் ஒரு சாயங்காலம் போனது. வானவில் எழுத்துருவில் அடித்து வைத்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை இன்னும் பாக்கி. போன வாரம் ஏதோ நகல் எடுக்கப் போனபோது லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கத்தில் ஸ்க்ரூ இல்லாத ஓட்டைக்கு மேலே செலோடேப் ஒட்டி, அதன்மேல் பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தார்: "ரெய்டு வேண்டாம். ஏஹெச்சிஐ. கருப்பு ஸ்கிரீன் பாக்கணும் – எஃப்4."